மூடிக்குள் கிடந்த மூன்று வெள்ளைப் பொட்டலம்

சனிக்கிழமை காலையில் புருஷன் எவர்ட்டின் வேலைக் கால்சட்டையைத் துவைக்கப் போடும் முன் பின்பையைத் துழாவுவது டாக்னியின் வழக்கம். உண்மையில் துழாவவே வேண்டியதில்லை. உதட்டுக்கடியில் அடக்கிக்கொள்ளும் ஸ்னூஸ் புகையிலையின் டப்பா உட்காரும் இடத்தில் துணி வட்டமாகத் தேய்ந்து வெளுத்திருக்கும். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் எத்தனை கால்சட்டை வாங்கினாலும் ஆறே மாதத்தில் அதே வட்டம் வந்துவிடும். மோதிரம் அவன் விரலில் போட்ட வட்டத்தைவிட டப்பா அவன் பிட்டத்தில் போட்ட வட்டம்தான் ஆழம் என்று தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பாள். அவள் மட்டும் சிரிக்கமாட்டாள்.

டப்பாவின் மேல்மூடிக்குள் இன்னொரு சின்ன அறை உண்டு. உதட்டுக்கடியில் வைத்துச் சாரம் போன பொட்டலத்தைக் கண்ட இடத்தில் எறியாமல் அதில் போட்டு மூடிக்கொள்ளலாம். நாலு வருஷத்துக்கு முன் அவர்கள் நாய் பூசே, பூந்தொட்டியில் எவர்ட் செருகி வைத்திருந்த ரெண்டு பழைய பொட்டலத்தைத் தின்றுவிட்டு, எச்சில் வடிய, கால் பின்ன, வாசலில் விழுந்து கிடந்தது. தீவிலிருந்து படகேறி அக்கரைக்குப் போய் மருத்துவரிடம் காட்டித்தான் பிழைத்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம். பழையது மூடிக்குள்தான் போக வேண்டும். மூடியைக் காலி செய்வது டாக்னி. அதைக் கொட்டும் குப்பைவாளி, நாய் வாய்க்கும் குழந்தை கைக்கும் எட்டாத உயரத்தில்.

அன்றும் கொட்டினாள். ஆறு பொட்டலம் பழுப்பு நிறம், தடியானவை, எவர்ட் இருபது வயதிலிருந்து வைக்கிற புகையிலைச் சரக்கு. கூடவே மூன்று விழுந்தன. ஒல்லியானவை, பல் மாதிரி வெள்ளை, புதினா வாசனை.

டாக்னி அப்படியே நின்றாள்.

குல்ஸ்கார் தீவில் ஒருவர் தன் டப்பாவை இன்னொருவர் முன் நீட்டுவது பெரிய விஷயமில்லை. பாதிரியாருக்கும் நீட்டுவார்கள், பகையாளிக்கும் நீட்டுவார்கள். ஆனால் மூடி அப்படியில்லை. வாயிலிருந்து எடுத்த ஈரப் பொட்டலத்தை அடுத்தவர் மூடியில் யாரும் போடமாட்டார்கள். கூடப்பிறந்தவர்கள்கூடப் போடமாட்டார்கள். ஒரு பெண்ணின் பொட்டலம் ஒரு ஆணின் மூடிக்குள் கிடந்தால், அவன் குளியலறையில் அவள் பல் துலக்கும் பிரஷ் நிற்பதற்குச் சமம்.

இந்தத் தீவில் அந்த ஒல்லி வெள்ளையை வைக்கிறவள் யார் என்று டாக்னி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இல்வா.

இல்வா வந்து ரெண்டு வருஷம். தீவுக்கும் அக்கரைக்கும் நடுவே கார்களை ஏற்றிப் போகும் மஞ்சள் படகில் எவர்ட்டோடு வேலை. நாற்பத்து நாலு வயது, புருஷனை விட்டவள், நெட்டை, முதுகு வரைக்கும் பின்னல். அதற்கு முன் நகரத்தில் பல் மருத்துவரிடம் உதவியாளாகப் பத்து வருஷம் இருந்தாளாம். அடுத்தவன் வாயையே பார்த்து அலுத்துப்போய்க் கடலுக்கு வந்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். அது டாக்னிக்குப் பொறுக்காது.

பொறாமை டாக்னிக்குப் பிறவியிலேயே வந்தது. ஹெர்ரிங் மீன் பிடித்த அப்பாவுக்கு ரெண்டு பெண்கள். மூத்தவளுக்குச் சுருட்டை முடி, இளையவள் டாக்னிக்கு வைக்கோல் முடி. ஏழு வயதில் அக்காவின் சுருளைக் கத்தரித்து உருளைக்கிழங்குத் தோலோடு புதைத்தாள். கல்யாணமான புதிதில், தேவாலயத்தில் வாத்தியம் வாசித்தவள் எவர்ட்டைப் பார்த்துத் தலையாட்டினாள் என்று ஒரு குளிர்காலம் முழுக்கத் தேவாலயப் பக்கமே போகவில்லை. பூசே குட்டியாக வந்தபோது அவன் அதை மடியில் வைத்துக்கொண்டான் என்று அந்த நாற்காலியையே அடுப்பில் போட்டுவிட்டாள். எவர்ட் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எதற்குமே ஒன்றும் சொல்லாதவன். அவனோடு குடும்பம் நடத்துவதில் அவளுக்குப் பெரிய கஷ்டம் அதுதான். சொல்லாதவன் மனதுக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று எப்படித் தெரியும்? வாயைத் திறந்தால்தானே தெரியும்.

இப்போது உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாள். மே மாதத்திலிருந்து அவன் கன்னத்தைத்தான் காட்டுகிறான், உதட்டைத் தருவதில்லை. படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறான். காப்பியை ஆறவைத்துக் குடிக்கிறான், யாரையோ நினைத்துக்கொண்டிருப்பவன் மாதிரி.

"சனியன், கெழவனுக்கு அறுபத்து மூணு வயசுல ஆசையப் பாரு," என்று நாயிடம் சொன்னாள். நாய் வாலாட்டியது.

அவர்கள் சமையலறை ஜன்னலிலிருந்து படகுத்துறை நன்றாகத் தெரியும். அப்பாவின் பழைய தொலைநோக்கி பரணில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டாள். கோடை விடுமுறை, பள்ளிச் சமையலறை மூடியிருந்தது. அவளுக்கு வேறு வேலையும் இல்லை.

மூன்றாம் நாள் பார்க்கக்கூடாததைப் பார்த்தாள். படகு காலியாக நின்றது. இல்வா ஒரு வெள்ளை டப்பாவை நீட்டினாள். எவர்ட் ஒன்று எடுத்தான். அதை வைக்கும் முன் அவன் முகத்தை மேலே தூக்க, இல்வா ரெண்டு கையாலும் அவன் தாடையைப் பிடித்து, வெயில் படுகிற பக்கமாகத் திருப்பி, மூக்கோடு மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். டாக்னி எண்ணினாள். இருபது வரைக்கும் எண்ணினாள். இருபதிலும் இல்வா நிமிரவில்லை.

தொலைநோக்கியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டாள். முத்தமென்றால் முத்தம் என்று போய்விடலாம். இவ்வளவு நிதானமாகவா கொடுப்பார்கள்?

அன்று மாலை எவர்ட் வந்ததும் கேட்டாள்.

"இன்னிக்கு படகுல என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல."

"இல்வா நல்லாருக்காளா?"

"ம்."

"வெயில் ஜாஸ்தியோ? மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்கு."

"கடல்ல வெயில்தான் அடிக்கும் டாக்னி," என்று சொல்லி உருளைக்கிழங்கை ஊதி ஊதி, வாயின் ஒரு பக்கமாகவே மென்றான்.

மறுநாள் அவள் கடைக்குப் போனாள். தீவில் ஒரே கடை. நடத்துவது ஸ்டீனா, டாக்னியோடு ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. கல்லாவுக்குப் பின்னால் குளிர்பெட்டி, அதில் வட்ட வட்டமாக டப்பாக்கள்.

"ஈஸ்ட் வந்திருக்கு டாக்னி. வேணுமா?"

"ஈஸ்ட் வேணாம். அது வேணும்." குளிர்பெட்டியைக் காட்டினாள். "இல்வா வாங்குவாளே, அது."

ஸ்டீனா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். "யாருக்கு?"

"எனக்கு."

"ஒனக்கு பதினெட்டு வயசாச்சா? அட்டையக் காட்டு."

"எம்மூஞ்சியே அட்டைதான். சுருக்கத்த எண்ணிக்கோ."

ஸ்டீனா சிரித்தாள், ஆனால் கையை நீட்டவில்லை. "இங்க பாரு. இதுல பொகையில இல்ல, அவ்ளோதான். நிக்கோட்டின் அப்படியேதான் இருக்கு. வருஷக்கணக்கா ஸ்னூஸ் வச்சவன் அதக் கொறச்சுக்க இதுக்கு மாறுனா அது ஒரு கணக்கு. ஒண்ணுமே வைக்காத வாய்க்கு இது எதுக்குடி? பழகிட்டா விடாது. அதுலயும் நீ ரத்தக் கொதிப்புக்கு மாத்திர திங்கிறவ."

"நீ கடைக்காரியா, டாக்டரா?"

"கடக்காரிங்கறதாலதான் சொல்றேன். எவன் எவ்ளோ வாங்குறான், எவனால விட முடியலன்னு எனக்குத்தான் தெரியும்."

"அப்ப இல்வா எவ்ளோ வாங்குறா?"

அதைக் கேட்டிருக்கக்கூடாது. ஸ்டீனாவும் சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் குல்ஸ்காரில் கேட்டதற்குச் சொல்லாமல் இருக்க யாருக்கும் தெரியாது. "அவளுக்கு நாலு புள்ளி போட்ட டப்பா. ஜூன் மாசத்துலேருந்து கூடவே ஒரு புள்ளி டப்பா ஒண்ணும் வாங்கிட்டுப் போறா. யாருக்கோ தெரியல."

யாருக்கோ! அப்படியென்றால் எடுத்துக்கொடுத்தது மட்டுமில்லை, அவனுக்கென்று தனியாக வாங்கியும் கொடுக்கிறாள். சீமாட்டி தனக்கு நாலு புள்ளி வைத்துக்கொண்டு என் புருஷனுக்கு ஒரே புள்ளிதானா?

"நாலு புள்ளி குடு," என்றாள்.

"புள்ளி எதுக்குன்னு தெரியுமா ஒனக்கு?"

"ஏன் தெரியாது? புதினா எவ்ளோன்னு போட்டிருக்கான்."

"புதினாவா? அடியே, அது—" என்று ஸ்டீனா ஆரம்பிப்பதற்குள் அக்கரையிலிருந்து வந்த கோடைக்காரர்கள் ஐஸ்கிரீம் கேட்டுக் கூட்டமாக நுழைந்துவிட்டார்கள். டாக்னி பணத்தை வைத்துவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவளுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. பழுப்பும் தடியும்தான் காரம். நாற்றம் பிடித்தது, ஆம்பளைச் சரக்கு. வெள்ளையும் ஒல்லியும் மிட்டாய் மாதிரி, நகரத்துப் பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்வது. அப்பா காலத்திலிருந்து ஸ்னூஸ் நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் இந்த நினைப்பு வரும். வேறு ஊர்க்காரி என்றால் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்திருப்பாள்.

ஆகஸ்டு மாதம் ரெண்டாவது சனிக்கிழமை படகுத்துறைப் பக்கம் இறால் விருந்து. கொடுக்கு வைத்த சிவப்பு இறாலைச் சதகுப்பைப் பூவோடு வேகவைத்து ஆறப்போட்டு, நீள மேசையில் குவித்திருந்தார்கள். எல்லார் தலையிலும் காகிதத் தொப்பி. மாலை ஐந்து மணி, வெயில் இன்னும் முகத்தில் அடித்தது. சின்னக் கிளாஸில் சாராயம் ஊற்ற ஊற்றச் சத்தம் ஏறியது. டாக்னி ரெண்டு கிளாஸ் குடித்தாள். இறாலின் தலையைத் திருகி உறிஞ்சினாள், எதிரே உட்கார்ந்திருந்த இல்வாவின் பின்னலைப் பார்த்துக்கொண்டே. இன்றைக்கு எவர்ட் எந்தப் பக்கம் என்று தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் வழக்கம்போல டப்பாக்கள் வெளியே வந்தன. மேசையில் டப் டப் என்று தட்டுகிற சத்தம். அப்போது டாக்னியும் தன் கைப்பையைத் திறந்து, ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து, டப் என்று வைத்தாள்.

"அட! டாக்னி ஸ்னூஸ் போடுறா!" என்று யாரோ கத்தினார்கள்.

அவள் டப்பாவைத் திறந்து, மேசைக்குக் குறுக்கே, இல்வாவின் மூக்குக்குக் கீழாகவே கையை நீட்டி, எவர்ட் முன்னால் பிடித்தாள். "எடுத்துக்கோ கெழவா."

எவர்ட் டப்பாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு, எதற்கென்று அவனுக்கே தெரிந்திருக்காது, இல்வாவைப் பார்த்தான். இல்வா லேசாகத் தலையாட்டினாள், வேண்டாம் என்று.

"எனக்கு வேண்டாம் டாக்னி," என்றான்.

நீட்டிய டப்பாவைத் திருப்புவது அந்த ஊரில் முகத்தில் துப்புவதற்குச் சமம். அதுவும் புருஷன், பெண்டாட்டி நீட்டியதை, இன்னொருத்தி தலையாட்டினாள் என்று திருப்பியிருக்கிறான். நாற்பது பேர் காகிதத் தொப்பியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாட்டி போ. எனக்கு வேணும்." டாக்னி ஒன்றல்ல, ரெண்டு எடுத்தாள். மேல் உதட்டைத் தூக்கி பக்கத்துக்கொன்றாகச் செருகினாள்.

"ரெண்டா? டாக்னி, அது நாலு—" என்று எழுந்தாள் இல்வா.

"நீ ஒக்காரு."

முதலில் குளுகுளுவென்றிருந்தது. அப்புறம் ஈறு எரிந்தது, குளவி கொட்டினது மாதிரி. வாய் முழுக்க எச்சில் ஊறியது. துப்பக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும், ஸ்னூஸ் வைக்கிறவர்கள் துப்பமாட்டார்கள். அதனால் விழுங்கினாள். ரெண்டு நிமிஷத்தில் விக்கல் பிடித்தது. ஒரு விக்கலுக்கும் அடுத்த விக்கலுக்கும் நடுவே மூச்சு விட இடமில்லை. காதுக்குள் இதயம் பறை அடித்தது. முதுகில் வேர்வை குளிர்ந்தது. மேசை, தொப்பிகள், கடல் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன.

"எனக்கொண்ணும்... ஹிக்... இல்ல," என்றாள். எழுந்து நாலு எட்டு நடந்து, துறையின் விளிம்பில் மண்டியிட்டு, தின்ற இறால் அத்தனையையும் கடலுக்கே திருப்பிக் கொடுத்தாள்.

அவள் நெற்றியை ஒரு கை தாங்கிப் பிடித்தது. எவர்ட் கை என்று நினைத்தாள். பின்னல் தோளில் விழுந்தபோதுதான் தெரிந்தது, இல்வா.

"ரெண்டும் வெளிய வந்துடுச்சா? வாயக் காட்டு. இன்னும் ஒண்ணு இருக்கு, எடுத்துடு. விழுங்காத. இந்தா தண்ணி, கொப்புளிச்சுத் துப்பு."

"கைய எடுடி."

"எடுக்கறேன். மொதல்ல நாடியப் பாக்க விடு." மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இல்வா இன்னொரு கையால் விஷம் பற்றி ஆலோசனை சொல்லும் எண்ணுக்குப் போன் போட்டுப் பேசினாள். வயது, மாத்திரை, எத்தனை பொட்டலம், எத்தனை நிமிஷம் என்று வரிசையாகச் சொன்னாள். கேட்டுவிட்டு எவர்ட்டிடம் திரும்பினாள். "ஒக்கார வச்சு பக்கத்துலயே இருக்கணும். ஒரு மணி நேரத்துல இறங்கிடும்னு சொல்றாங்க. நெஞ்சு வலிச்சா, மயக்கம் வந்தா ஒடனே ஆம்புலன்ஸ கூப்பிடணும்."

டாக்னி தலையைத் தூக்கினாள். வாயோரம் சதகுப்பை ஒட்டியிருந்தது. காகிதத் தொப்பி காது வரைக்கும் இறங்கியிருந்தது. அப்படியே கேட்டாள், மேசைக்கும் கேட்கிற மாதிரி.

"ஒன் வெள்ளப் பொட்டலம் எம்புருஷன் மூடிக்குள்ள... ஹிக்... எப்படிடி வந்துச்சு?"

நாற்பது தொப்பியும் துறை விளிம்புப் பக்கம் திரும்பின. பூசே மட்டும் மேசைக்கடியில் இறால் ஓட்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அவளோடது இல்ல," என்றான் எவர்ட். "எல்லாம் நான் வச்சதுதான்."

"பொய்."

"எனக்கு ஒதட்டுக்கடியில ஒண்ணு வந்திருக்கு டாக்னி."

வீட்டுக்கு வந்து, தலையணையைச் சாய்த்து அவளை உட்கார வைத்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னான். விக்கல் நின்றிருந்தது, நெஞ்சு இன்னும் அடங்கவில்லை. ஏப்ரலில் அக்கரைக்குப் பல் காட்டப் போனானாம். நாற்பது வருஷமாகப் பொட்டலம் உட்கார்ந்த இடத்தில் தோல் தடித்து வெளுத்துச் சுருங்கிக் கிடக்கிறது என்று மருத்துவர் சொன்னாராம். ஈறும் மேலே ஏறிவிட்டதாம். பெரும்பாலும் நிறுத்தினால் போய்விடும், போகாவிட்டால் துணுக்கு வெட்டிச் சோதிக்க வேண்டும், ஆகஸ்டில் திரும்ப வா என்றாராம். படகில் காப்பி குடிக்கும்போது முகம் சுளித்ததை இல்வா பார்த்துவிட்டு வாயைத் திறந்து காட்டச் சொன்னாளாம்.

"ஒரேயடியா விட முடியல. மூணு நாள் விட்டேன், கையெல்லாம் நடுங்கி, கயித்த மாத்திக் கட்டிட்டேன். அவதான் சொன்னா, பழுப்பக் கொறச்சு அதுக்குப் பதிலா ஒரு புள்ளி வெள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, ஒரே எடத்துல வைக்காத, வச்சுகிட்டே தூங்காதன்னு. அதுவும் மருந்தில்ல, அதையும் விடத்தான் வேணும்னு. ஒரு நாளைக்கு இருபதுலேருந்து எட்டுக்கு வந்திருக்கேன்."

"புள்ளின்னா என்ன?"

"எவ்ளோ பலம்னு. நீ வச்சது நாலு புள்ளி, அதுவும் ரெண்டு. சாராயத்து மேல."

டாக்னி சுவரைப் பார்த்தாள். வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குப் பதிலாக முன்பைவிடப் பெரிதாக ஒன்று எழுந்தது.

"முத்தம் குடுத்திருந்தாக்கூடத் தேவலாம்," என்றாள்.

"என்னது?"

"ஆமா. முத்தம்னா ஒரு நாள் அடிச்சுத் தொரத்தியிருப்பேன். நாலு மாசமா ஒனக்குப் பயம் இருந்திருக்கு. செத்துடுவோமோன்னு பயம். அத அவகிட்ட குடுத்திருக்க. எனக்குக் கன்னத்தக் காட்டிட்டு அவளுக்கு வாயத் தெறந்திருக்க."

எவர்ட் போர்வையை அவள் காலுக்கு இழுத்துவிட்டான். பிறகு, அவனுக்கு அது எவ்வளவோ பெரிய பேச்சு, சொன்னான். "ஒங்கிட்டச் சொன்னா நீ என்ன சொல்லியிருப்பே?"

அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். முப்பத்து நாலு வருஷமாகத் தினமும் சொன்னதுதான். நான் அப்பவே சொன்னேன்ல? ஸ்னூஸுக்கு மட்டுமா? கூரை ஒழுகினதற்கு, கார் நின்றதற்கு, அவன் தம்பி குடித்துக் கெட்டதற்கு. அதற்குப் பயந்துதான் புண்ணை வேறொருத்தியிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான்.

"இல்வாவும் செவ்வாய்க்கிழம கூட வரேன்னிருக்கா," என்றான். "டாக்டர்கிட்ட."

டாக்னி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசவில்லை. திங்கட்கிழமை காலையில் படகுத்துறைக்கு நடந்தாள். எவர்ட் மேலே சுக்கான் அறையில் இருந்தான். கீழே இல்வா சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தாள். டாக்னியைப் பார்த்ததும் ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள்.

"கடல்ல தள்ள வரல," என்றாள் டாக்னி. "நாளைக்கு நீ போக வேண்டாம். நான் போறேன்."

"நானும் அதத்தான் சொல்லிட்டிருந்தேன், ஏப்ரல்லேருந்து. ஒம்பொண்டாட்டிகிட்ட சொல்லு, சொல்லுன்னு. அவரு கேட்டாத்தானே. இங்கேருந்து குதிக்கச் சொன்னாலும் குதிப்பாரு, ஒங்கிட்டச் சொல்லச் சொன்னா மட்டும் மாட்டாரு."

அதுவும் டாக்னிக்குப் பிடிக்கவில்லை, அவனைப் பற்றி இவள் சொல்லித் தான் தெரிந்துகொள்வது. "நீ எதுக்கு நாலு புள்ளி வைக்கிற? இவ்ளோ தெரிஞ்சவ."

இல்வா சிரித்தாள். "தெரிஞ்சா விட முடியுமா? அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால சிகரெட்ட விடறேன்னு இதப் புடிச்சேன். இப்ப இது என்னப் புடிச்சிருக்கு. வீட்டுல நான் மட்டுந்தான், நாயும் இல்ல, சின்னப் புள்ளைங்களும் இல்ல, யாருக்கும் நீட்டறதும் இல்ல. ஒம்புருஷனுக்கு மட்டும்தான் குடுத்தேன், அதுவும் பழுப்ப விட்டு எறங்கத்தான்."

"எவ்ளோ பெருசு இருக்கு?"

"என்னது?"

"அதான். ஒதட்டுக்கடியில."

"மொதல்ல கட்டைவெரல் நகம் அளவு. போன வாரம் பாதி." இல்வா தன் நகத்தைக் காட்டினாள்.

டாக்னி அந்த நகத்தைப் பார்த்தாள். சுத்தமாக வெட்டிய நகம். தன் புருஷன் உடம்பில் உள்ள ஒன்றின் அளவை அவள் இன்னொருத்தி நகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பாதி தூரம் போனவள் நின்று, திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். "நெத்தியத் தாங்குனதுக்கு... சரி, போ!"

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. எவர்ட் நல்ல சட்டை போட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். பின்பையில் டப்பா இல்லை. மேசை மேல் இருந்தது, கைக்கெட்டுகிற தூரத்தில். அவன் விரல்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்பது மணிப் படகில் போக வேண்டும்.

டாக்னி கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினாள், பள்ளிக்கூடத்தில் கழுவுகிற மாதிரி. தன் நாற்காலியை இழுத்து அவன் முழங்காலோடு முழங்கால் இடிக்கப் போட்டாள். ஜன்னல் திரையை விலக்கினாள். படகிலிருந்து பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

"வாயத் தெற."

"அங்கதான் டாக்டர் பாக்கப் போறாரே."

"டாக்டர் அப்புறம் பாக்கட்டும். தெற."

திறந்தான். அவள் ஒரு விரலால் மேல் உதட்டைத் தூக்கினாள். முப்பத்து நாலு வருஷத்தில் அந்த உதட்டைக் கடித்திருக்கிறாள், திட்டியிருக்கிறாள், துடைத்துவிட்டிருக்கிறாள். தூக்கிப் பார்த்ததில்லை. உள்ளே, இடது பக்கத்துப் பல்லுக்கு மேல், வெளிர் சாம்பலாக ஒரு திட்டு. நாள் முழுக்கப் பாத்திரம் கழுவினால் விரல் நுனி ஊறிச் சுருங்குமே, அது மாதிரி. அதன் கீழே ஈறு இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் பல்லின் வேரைக் காட்டிக்கொண்டு நின்றது. அசிங்கமாக இருந்தது. அவளுடையதாக இருந்தது.

அந்த வார்த்தை அவள் தொண்டைக்கு வந்துவிட்டது. நான் அப்பவே. விக்கல் மாதிரி எகிறிக்கொண்டு வந்தது. எவர்ட்டின் கண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது, அடி விழப்போகிற நாய் மாதிரி.

டாக்னி அதை விழுங்கினாள். இறாலும் சாராயமும்கூட இவ்வளவு கசக்கவில்லை.

"வலிக்குதா?" என்றாள்.

"காரம் பட்டா. சூடு பட்டா."

"அவ இதத் தொட்டுப் பாத்தாளா?"

உதடு அவள் விரலில் இருக்க, எவர்ட் கொழகொழவென்று சொன்னான். "கையொற போட்டுகிட்டுத்தான்."

"நான் கையொற போடல," என்றாள் டாக்னி. அந்தத் திட்டின் மேல் விரல் நுனியை வைத்தாள். வெளியே மஞ்சள் படகு துறைக்கு வந்து ஒலி எழுப்பியது. அவள் விரலை எடுக்கவில்லை.